துடிப்பு இருந்த இடம்

ஓடுகின்ற எதுவும் நின்றுபோனால் ஏதேனும் ஓரிடத்தில்தான் நின்றாக வேண்டும் என்பதில் கழுகாசலத்துக்கு இருபத்திரண்டு ஆண்டுகளாக ஐயம் ஏற்பட்டதில்லை. மற்ற எல்லாவற்றிலும் அவருக்கு ஐயம் உண்டு. கோவில்பட்டிப் பணிமனையின் பயணச்சீட்டுப் பரிசோதகராகிய அவர், ஓடும் பேருந்தை நடுவழியில் கைகாட்டி நிறுத்தி, முன்வாசலையும் பின்வாசலையும் அடைக்கச் சொல்லி, கடைசி இருக்கையிலிருந்து முன்னோக்கி ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு வருகிறவர்; முகத்தைப் பார்த்து எவரையும் நம்பக் கூடாது, கையைத்தான் பார்க்க வேண்டும், ஏனெனில் முகம் மறைக்கப் பழகியது, கை பழகாதது என்று புதிதாகச் சேரும் பரிசோதகர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறவர்; சீட்டு இல்லாதவன் அழுதாலும் சிரித்தாலும் மயங்கி விழுந்தாலும் அறிக்கையில் ஒரு வரி குறையாமல் எழுதி ஒப்பமிடுகிறவர். அப்படிப்பட்டவருக்கு, மணமாகிப் பதினான்கு ஆண்டுகள் கழித்து ஓர் ஆண் குழந்தை பிறந்து, பிறந்த அன்று பொழுது சாய்வதற்குள் அதன் உதடுகளும் நகங்களும் நாவற்பழத்தின் நிறத்துக்கு மாறின.

குழந்தையை மதுரையில் வைகைக்கு வடகரையில் உள்ள ஆறு மாடி மருத்துவமனை ஒன்றுக்குக் கொண்டுவந்தார்கள். எட்டாம் நாள் பகலில் டாக்டரம்மா அவரை அழைத்து உட்காரவைத்து, ஒரு தாளில் இதயம் வரைந்து, அதன் மேல் இரண்டு குழாய்கள் வரைந்து காட்டினார்.

"இதயத்துலேருந்து கிளம்புற ரெண்டு பெரிய குழாயும் இடம் மாறி இருக்கு சார். உடம்பு சுத்தி வந்த கெட்ட ரத்தம் மறுபடி உடம்புக்கே போகுது. நுரையீரல்லேருந்து வந்த நல்ல ரத்தம் மறுபடி நுரையீரலுக்கே போகுது. ரெண்டையும் வெட்டி, மாத்தித் தைக்கணும்."

இரண்டு பேருந்துகளின் ஊர்ப்பலகைகளை மாற்றி மாட்டிவிட்டார்கள் என்று கழுகாசலம் புரிந்துகொண்டார். புரிந்த மறுகணமே கேட்டார்.

"மாத்தி மாட்டுனது யாரு?"

"யாரும் இல்லை சார். அப்படி அமைஞ்சிருக்கு."

இந்தப் பதிலை அவர் நம்பவில்லை. டாக்டரம்மா மேலும் சொன்னார்: "தைக்கிற நேரத்துல இதயம் ஓடக் கூடாது. ரெண்டு மணி நேரம் நிறுத்திடுவோம். அதுவரைக்கும் ரத்தத்தை மிஷின் ஓட்டும்."

"சரி. நின்ன துடிப்பு அந்த ரெண்டு மணி நேரமும் எங்க இருக்கும்?"

டாக்டரம்மா பேனாவை மூடினார். "அது எங்க கையில இல்லை. வெளியில ஹால்ல இருக்கிறவங்களைக் கேளுங்க. அவங்களுக்குத்தான் தெரியும்," என்றார், குளியலறை எந்தப் பக்கம் என்று கேட்டவருக்கு வழி சொல்வது போல.

மறுநாள் வியாழக்கிழமை காலை எட்டரை மணிக்குக் குழந்தையை இரட்டைக் கதவுக்கு உள்ளே கொண்டுபோனார்கள். அரைஞாண் கயிற்றையும் வசம்பு வளையலையும் கழற்றி ஒரு சிறிய உறையில் போட்டு, தாயாகிய செண்பகவல்லியின் கையில் கொடுத்தார்கள். பிள்ளை பெற்று ஒன்பது நாளே ஆன அவள் அந்த உறையை மடியில் வைத்துக்கொண்டு, எதிர்ச் சுவரில் எதுவுமில்லாத ஓரிடத்தைப் பார்த்தபடி இருந்தாள். கழுகாசலமோ ஒப்புதல் படிவத்தின் நகலை மூன்று முறை படித்தார். மூன்று முறையும் வேறு வேறு வரிகளில் ஐயம் கொண்டார். சுவர்க்கடிகாரத்தைத் தம் கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டு அதில் நான்கு நிமிடம் குறைவதைக் கண்டுபிடித்தார். பிறகு வழக்கம்போல் தலைகளை இரண்டு முறை எண்ணினார். தம்மையும் சேர்த்து நாற்பத்து மூவர். ஒவ்வோர் இரும்பு நாற்காலியிலும் ஒரு குடும்பம் வாழ்ந்தது. நாற்காலிக் கால்களில் பைகளும், பைகளின் மேல் போர்வைகளும், போர்வைகளின் மேல் பிளாஸ்குகளும், அவற்றுக்கெல்லாம் மேலே மின்சாரம் குடித்துக்கொண்டு கைபேசிகளும் இருந்தன.

"காலைத் தூக்குங்க சார். ஆபரேசன் பிள்ளைக்குத்தான், உங்க காலுக்கு இல்ல," என்று ஒரு குரல் கேட்டது. மிக்கேலம்மாள் என்னும் துப்புரவுப் பணியாளர், முழங்கை வரை ஆரஞ்சு நிற ரப்பர் கையுறை அணிந்து, தரையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அக்கம்பக்கத்தில் இரண்டு பேர் சிரித்தார்கள். கழுகாசலம் அவளைப் பார்க்காமலே கால்களைத் தூக்கினார். ஈரம் காய்ந்ததும் இறக்கினார்.

அவருடைய அக்காள் வடிவு, அடுத்த நாற்காலியில் அமர்ந்து கைபேசியில் தன் கணவருடன் பேசி முடித்தாள்.

"சங்கரன்கோவில் தாண்டிட்டாகளாம். தேனு பாட்டிலு கையிலேயே இருக்காம். ஆபரேசன் முடிஞ்சு பிள்ளை கண்ணைத் தொறக்கவும் அத்தான் வரவும் சரியா இருக்கும்."

பிறந்த குழந்தையின் நாவில் முதன்முதலாக இனிப்பைத் தொட்டு வைப்பதைத் தென்பக்கத்தில் சேனை வைத்தல் என்பார்கள். எவருடைய விரலால் அந்தச் சுவை நாவில் படுகிறதோ அவருடைய குணமே குழந்தைக்கு வரும் என்பதால், வீட்டார் கூடிப் பேசி, நல்லவர் ஒருவரைத் தேர்ந்து, வெற்றிலை பாக்கு வைத்து முறையாக அழைப்பார்கள். வடிவின் கணவர் குற்றாலலிங்கம் வாழ்நாளில் ஒரு பொய் சொன்னதில்லை. இதனால் உறவில் பாதிப் பேர் அவருடன் பேசுவதில்லை என்றாலும், அவர் கையால்தான் சேனை என்று செண்பகவல்லி கருவுற்ற மூன்றாம் மாதத்திலேயே வடிவு முடிவு செய்திருந்தாள். ஆனால் குழந்தை பிறந்த அன்றே நீலம் பாரித்துவிட்டது. அன்றிலிருந்து குழாய் வழியாகத்தான் பால். நேற்று மதியத்திலிருந்து அதுவும் கிடையாது, வாயில் ஒரு பொட்டும் படக் கூடாது என்பது டாக்டரம்மாவின் கட்டளை. ஒன்பது நாளாகியும் எவருடைய குணமும் இல்லாமல் அந்தக் குழந்தை கிடந்தது.

"தேனோட அவுக வார வரைக்கும் பிள்ளை இருக்கணும்ல மதினி," என்றாள் செண்பகவல்லி, சுவரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"வாயைக் கழுவு," என்றாள் வடிவு.

ஒன்பது நாற்பதுக்குத் துடிப்பு வெளியே வந்தது.

இரட்டைக் கதவின் அடியில் இருந்த விரற்கடை இடைவெளி வழியாக அது வந்தது என்று பிற்பாடு எல்லாரும் சொன்னார்கள். முதலில் மூலையில் இருந்த தண்ணீர் கேனுக்குள் வளையம் வளையமாக அலை எழுந்தது. பிறகு, மரப்பெட்டிக்குள் சிட்டுக்குருவி ஒன்று வேகவேகமாக நடப்பதுபோல் ஓசை கேட்டது. நிமிடத்துக்கு நூற்று ஐம்பது என்று கழுகாசலம் கைக்கடிகாரத்தை வைத்து எண்ணினார். கூடத்தில் எவரும் எழவில்லை. தலைவாரிக்கொண்டிருந்தவள் வாரிக்கொண்டும், இட்லி தின்றுகொண்டிருந்தவன் தின்றுகொண்டும் இருந்தார்கள்.

"வந்துருச்சு," என்றான் சன்னாசி. உசிலம்பட்டிப் பக்கத்துக் கிணறு வெட்டும் ஆள். அவனுடைய பெண்குழந்தை எடை கூடினால்தான் கத்தி வைக்க முடியும் என்று நாற்பத்தொரு நாளாக உள்ளே கிடக்க, அவன் அந்தக் கூடத்திலேயே மூத்தவனாகிவிட்டிருந்தான். "செக்யூரிட்டியண்ணே, ஒம்போது நாப்பது. எழுதிக்கங்க."

காவலர் வாசலுக்கு வெளியே போட்டிருந்த தம் மேசையில் நீளமான பதிவேட்டைத் திறந்து, துடிப்பு வந்த நேரம் என்ற கட்டத்தில் எழுதினார். அடுத்தடுத்து, திரும்பிய நேரம் என்று ஒரு கட்டமும், இருந்த இடம் என்று ஒரு கட்டமும் இருந்தன. பிறகு எழுந்து போய் மின்தூக்கியை நிறுத்தி, "துடிப்பு வெளியில இருக்கு. லிஃப்ட் கிடையாது, மாடிப்படியும் கிடையாது," என்று அறிவித்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

கழுகாசலம் எழுந்தார். "இது எம் பிள்ளையோடதுதானா? வேற யாரோடதும் இல்லையே?"

"இன்னைக்கு உள்ள போனது உங்க பிள்ளை ஒண்ணுதானண்ணே. உக்காருங்க. தையல் முடிஞ்சா அதுவாப் போயிரும்," என்றான் சன்னாசி. பின்பு அந்தக் கூடத்தின் விதிகளைச் சொன்னான். துடிப்பு வெளியே இருக்கும்போது பிளாஸ்கை மூடக் கூடாது; பையின் வாயைக் கட்டக் கூடாது; எவரும் வெளியேறக் கூடாது; அது வந்து உட்கார்ந்த பொருளைத் தட்டிவிடக் கூடாது. நத்தத்துக்காரி ஒருத்தி, தன் மகனுடைய துடிப்பு ஒரு சீப்பு வாழைப்பழத்துக்குள் போய் உட்கார்ந்ததையும், அது திரும்பிப் போன பின்னும் நான்கு நாள் அந்தப் பழத்தை எவரும் உரிக்கத் துணியாததையும் சொன்னாள். இன்னொருவர், போன மாதம் ஒரு துடிப்பு காவலரின் விசிலுக்குள் புகுந்துகொள்ள, அவர் இரண்டு மணி நேரம் எவரையும் அதட்டாமல் இருந்தார் என்றும், அந்த இரண்டு மணி நேரம்தான் கூடம் நன்றாக நடந்தது என்றும் சொன்னார். காவலர் அதைக் கேட்டும் கேளாதவர்போல் இருந்தார்.

துடிப்பு தண்ணீர் கேனிலிருந்து ஒரு டிபன் பாக்ஸின் மூடிக்கும், மூடியிலிருந்து ஒரு கைபேசியின் கண்ணாடிக்கும், அங்கிருந்து வடிவின் காதுத்தோட்டுக்கும் போயிற்று. வடிவு கழுத்தைத் திருப்பாமல், மூச்சையும் பாதியாக்கிக்கொண்டு, சிலைபோல் இருந்தாள். பெருமையும் அச்சமும் அவள் முகத்தில் மாறி மாறி வந்தன. "எங்கிட்டதான் வந்திருக்கு. நம்ம ரத்தம்னு தெரியுது பாரு அதுக்கு," என்று உதடசையாமல் சொன்னாள். செண்பகவல்லி அந்தத் தோட்டையே பார்த்தாள். கழுகாசலம் அந்தத் தோட்டைப் பார்த்தவர்களையெல்லாம் பார்த்தார்.

பதினொன்று இருபதுக்கு ஓசை நின்றது.

நின்றதற்குச் சற்று முன்னால் கூடத்தில் எங்கோ ஒரு பிளாஸ்க் மூடப்படும் ஓசை கேட்டதாகச் சிலர் சொன்னார்கள். வேறு சிலர் அது பையின் ஜிப் என்றார்கள். எல்லாரும் தத்தம் காதைக் கூர்மையாக்கிக் கேட்டார்கள், மின்விசிறி கேட்டது, கீழே சாலையில் ஆட்டோ கேட்டது, துடிப்பு கேட்கவில்லை. "போயிருச்சு போல," என்று ஒருவர் ஆறுதலாகச் சொன்னார். "இன்னும் தையல் முடியாம எப்படிப் போகும்?" என்றார் வேறொருவர். அதுவரை ஒரே பாத்திரத்து இட்லியைப் பங்கிட்டுத் தின்றவர்கள் ஒருவர் பையை ஒருவர் ஓரக்கண்ணால் அளந்தார்கள்.

பதினொன்று நாற்பத்தைந்துக்கு இரட்டைக் கதவு ஒரு முழம் திறந்து, பச்சை உடுப்பும் தொப்பியுமாக ஒரு நர்ஸ் தலையை நீட்டினாள்.

"செண்பகவல்லி குழந்தையோட அட்டெண்டர் யாரு? தையல் நல்லபடியா முடிஞ்சிருச்சு. ரத்தத்தை அடைச்சு வச்ச கிளாம்ப்பையும் எடுத்தாச்சு. இதயம் கலர் எல்லாம் நல்லா இருக்கு. துடிப்புதான் இன்னும் வரலை. அங்க யாராவது வச்சிருந்தா அனுப்பி வைங்க. மிஷின்ல ரொம்ப நேரம் வைக்கக் கூடாது. மிஞ்சிப் போனா அரை மணி நேரம்." கதவு மூடிக்கொண்டது.

கழுகாசலம் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டார். அன்று அவர் சீருடையில் இல்லை. ஆனாலும் அவர் எழுந்து நின்றபோது, வெள்ளைச் சட்டையும் தோளில் தொங்கும் கருப்புப் பையுமாகப் பேருந்தில் ஏறுகிற ஒருவரைக் கூடம் முழுவதும் கண்டது.

"செக்யூரிட்டி, ரெண்டு வாசலையும் சாத்துங்க. யாரும் எந்திரிக்கக் கூடாது."

கடைசி வரிசையிலிருந்து தொடங்கினார். துடிப்பை வைத்திருக்கிறாயா என்று எவரையும் கேட்கவில்லை, அப்படிக் கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார்கள் என்பது இருபத்திரண்டு ஆண்டுப் பாடம். "பதினொண்ணு இருபதுக்கு உங்க கை எங்க இருந்துச்சு?" என்று கேட்டார். கையை நீட்டச் சொன்னார், உள்ளங்கையைப் பார்த்தார், பிளாஸ்குகளைத் திறந்து முகர்ந்தார், போர்வைகளை உதறினார், ஆண்களின் மார்பில் காதை வைத்துத் தாமே கேட்டார், பெண்களின் மார்பில் வடிவைக் கேட்கவைத்தார். ஒவ்வொரு மார்புக்குள்ளும் மெதுவான, களைத்த, பெரியவர்களின் துடிப்பே இருந்தது. அவர் ஒருவரைக் கடந்து போனதும், அந்த ஒருவர் அடுத்தவரை ஐயத்தோடு பார்க்கத் தொடங்கினார். நத்தத்துக்காரி தன் பக்கத்து நாற்காலிக்காரியின் முந்தானை முடிச்சைச் சுட்டிக்காட்டினாள். அந்த முடிச்சில் ஒரு திருநீற்றுப் பொட்டலம் இருந்தது.

இருபத்தெட்டாவதாகச் சன்னாசி.

அவனை அவர் முதலிலிருந்தே மனத்தில் குறித்து வைத்திருந்தார். நாற்பத்தொரு நாள் கூடத்தில் இருப்பவன். விதிகள் எல்லாம் தெரிந்தவன். உள்ளே தன் மகளின் இதயம் பலவீனமாகக் கிடக்க, வெளியே ஒரு நல்ல துடிப்பு எட்டும் தூரத்தில் அலைந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தவன்.

"சட்டையைத் தொற," என்றார். மற்ற எவரிடமும் அவர் ஒருமையில் பேசவில்லை.

சன்னாசி பொத்தான்களைக் கழற்றினான். அவர் காதை வைத்தார். கிணற்றுக்குள் கடப்பாரை இறங்குவதுபோல் நிதானமான ஒரே துடிப்பு. அவர் காதை எடுக்கவில்லை. மறுபக்கம் வைத்துப் பார்த்தார். முதுகில் வைத்துப் பார்த்தார்.

"ஆசைப்பட்டேண்ணே," என்றான் சன்னாசி, அவர் காது தன் முதுகில் இருக்கும்போதே. "உங்க அக்கா தோட்டுல அது உக்காந்திருந்தப்ப ரெண்டு தடவ கை போச்சு. எடுக்கல. எம் புள்ளைக்கு அடுத்தவன் வீட்டுது வேணாம்னு கையத் தொடைக்கு அடியில வச்சு உக்காந்துகிட்டேன். வேணும்னா தொடையையும் பாருங்க."

கழுகாசலம் நிமிர்ந்தார். அவன் கையைப் பார்த்தார். கை மறைக்கப் பழகவில்லை. நாற்காலியின் இரும்புச் சட்டம் அழுந்திய தடம் விரல்களில் இன்னும் சிவந்திருந்தது. அவர் அடுத்த ஆளுக்கு நகர்ந்தார். பன்னிரண்டு மணிக்கு நாற்பத்து மூன்றாவது ஆளாகத் தம் மணிக்கட்டில் தாமே விரல் வைத்துப் பார்த்துக்கொண்டு, சோதனையை முடித்தார்.

யாரிடமும் இல்லை.

நர்ஸ் மறுபடியும் தலையை நீட்டினாள். "கிடைச்சுதா?" கழுகாசலம் கையை விரித்தார். "பெரிய டாக்டர் கையால அமுக்கிவிட்டுப் பார்க்கிறாரு. வரலை. இன்னும் பதினஞ்சு நிமிஷம்தான் பார்ப்பாரு." கதவு மூடிக்கொண்டது.

அப்போது செண்பகவல்லி எழுந்தாள். காலையிலிருந்து அவள் எழுவது அதுவே முதல் முறை; மடியிலிருந்த உறை கீழே விழுந்து, வசம்பு வளையல் உருண்டு, தரையில் ஈரமாக இருந்த ஓரிடத்தில் போய் நின்றது. அந்த ஈரத்துக்கு அப்பால், சோதனை தொடங்கியதிலிருந்து சுவரோரமாக ஒரே சதுரத்தைத் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டு, முதுகைக் காட்டியபடி மிக்கேலம்மாள் நின்றிருந்தாள்.

"இந்தாங்க," என்றாள் செண்பகவல்லி கணவனிடம். "எத்தனை பேரைப் பாத்தீங்க?"

"நாப்பத்து மூணு. எல்லாரையும்."

"அந்த அக்காவைப் பாத்தீங்களா?"

கழுகாசலம் திரும்பிப் பார்த்தார். "அது ஸ்டாஃப்," என்றார்.

பேருந்தில் பரிசோதகர் ஏறும்போது, பணிமனை ஊழியர் எவரேனும் உட்கார்ந்திருந்தால் "ஸ்டாஃப்" என்று ஒரு சொல் சொல்வார், பரிசோதகர் தலையசைத்து அவரைத் தாண்டிப் போவார், எண்ணிக்கையிலும் சேர்க்கமாட்டார். இருபத்திரண்டு ஆண்டுப் பழக்கம். மூன்று முறை அந்தக் கூடத்தில் தலை எண்ணியவர், மூன்று முறையும் அந்தத் தலையைத் தாண்டிப் போயிருந்தார்.

"நான்தான் அவங்களைச் சேனை வைக்கச் சொன்னேன்," என்றாள் செண்பகவல்லி. அவள் குரல் உயரவில்லை. ஆனால் கூடத்தில் எல்லாருக்கும் கேட்டது. "நேத்துச் சாயங்காலம் உள்ள விட்டாங்கல்ல, பத்து நிமிஷம். அந்த அக்கா தரை துடைச்சிட்டு இருந்தாங்க. பிள்ளை என்னையே பாத்துச்சு. உங்க அத்தான் வந்துதான் சேனைன்னு ஒம்போது நாளா சொல்லிட்டே இருக்கீங்க. நாளைக்கு உள்ள போயி திரும்பலைன்னா, யாரு மாதிரியும் இல்லாம, ஒரு ருசியும் தெரியாமப் போயிருமேன்னு இருந்துச்சு. காப்பிக்குக் குடுத்த சர்க்கரைப் பொட்டலம் இடுப்புல இருந்துச்சு. அக்கா முடியாதுன்னுதான் சொன்னாங்க. வேலை போயிரும்னு சொன்னாங்க. நான் கால்ல விழுந்தேன். ஒரே ஒரு பொடி. விரல் நுனியில."

"அடியே," என்றாள் வடிவு.

"எத்தனையோ பேரு இருக்கையில எதுக்கு..." என்று தொடங்கினார் கழுகாசலம்.

"ஒம்போது நாளா இந்த இடத்துல சிரிச்சது அவங்க ஒருத்தர்தான். நீங்க யாரைப் பாத்தாலும் திருடன்கிறீங்க. உங்க அத்தான் யாரைப் பாத்தாலும் குத்தம் சொல்லுதாக. எம் பிள்ளை சிரிக்கட்டும்னு நினைச்சேன்."

மிக்கேலம்மாள் துடைப்பானைச் சுவரில் சாய்த்தாள். இடக்கையால் வலக்கையின் ஆரஞ்சுக் கையுறையை முழங்கையிலிருந்து மெல்ல மெல்ல உரித்தாள். அது மணிக்கட்டைத் தாண்டியதும் சிட்டுக்குருவியின் நடை கூடத்தில் மீண்டும் கேட்டது. அவளுடைய மோதிர விரலின் நுனி, தனியாக ஓர் உயிர் இருப்பதுபோல், நிமிடத்துக்கு நூற்று ஐம்பது முறை துடித்தது.

"பதினொண்ணு இருபதுக்கு வந்துச்சு சார்," என்றாள். "இந்தம்மா தோட்டுலேருந்து நேரா எங்கிட்ட. உதறிப் பாத்தேன். போக மாட்டேங்குது. சொன்னா நேத்து வச்சதும் தெரிஞ்சிரும். எனக்கும் வீட்ல ரெண்டு வயிறு இருக்கு. தானாப் போயிரும் போயிரும்னு துடைச்சுகிட்டே இருந்தேன். தப்புத்தான்."

அவள் இரட்டைக் கதவுக்கு அருகே போய், குனிந்து, அடியிலிருந்த இடைவெளியில் விரலை வைத்தாள். துடிப்பு விரலிலேயே இருந்தது. விரலை உதறினாள், தரையில் தேய்த்தாள், அது போகவில்லை.

சன்னாசி சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே சொன்னான்: "அது எப்படிப் போகும்? வீட்டாளுக கூப்பிட்டு வச்ச சேனையா அது? ஒளிச்சு வச்ச சேனை. அது ஒளிஞ்சேதான் இருக்கும். அண்ணே, நீங்க கூப்பிடணும்."

கழுகாசலம் கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டு மணி பதினொரு நிமிடம். அக்காளைப் பார்த்தார். வடிவு தலையை அசைக்கவில்லை, முகத்தைத் திருப்பவும் இல்லை. அவள் கண்ணில் நீர் நின்றது, அது கோபத்தின் நீரா வேறொன்றின் நீரா என்று அவருக்குத் தெரியவில்லை. முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும், அது அவருக்குப் பழக்கமில்லை. அவர் கீழே கிடந்த ஒரு டிபன் பாக்ஸின் மூடியை எடுத்தார். வெற்றிலை எவரிடமும் இல்லை. நத்தத்துக்காரி ஒரு பாக்குப் பொட்டலத்தை அதில் வைத்தாள். செண்பகவல்லி இடுப்பிலிருந்து மீதிச் சர்க்கரையை எடுத்து வைத்தாள். அவர் அந்த மூடியை இரு கைகளிலும் ஏந்தி, மிக்கேலம்மாளின் முன்னால் போய் நின்று, அழைப்பதற்கு வாயைத் திறந்து, திறந்த வாயோடு நின்றார்.

"உங்க பேரு என்ன?"

"மிக்கேலம்மா சார்."

"மிக்கேலம்மக்கா," என்றார் கழுகாசலம். "எங்க பிள்ளைக்கு நீங்கதான் சேனை வைக்கணும். வீட்டோட கூப்பிடுறோம்."

அவள் ஈரக்கையைச் சேலையில் துடைத்துவிட்டு, மூடியிலிருந்த சர்க்கரையில் விரலைத் தொட்டு, கதவின் அடியில் வைத்தாள். மூடி அவர் கையில் ஒருமுறை அதிர்ந்தது. அவ்வளவுதான். விரல் நின்றுவிட்டது, சாதாரணமான, துணி துவைத்துக் காய்ப்பேறிய ஒரு விரல்.

பன்னிரண்டு இருபத்தைந்துக்குக் கதவு திறந்தது. நர்ஸின் முகமூடிக்கு மேலே இரண்டு கண்களும் நனைந்திருந்தன.

"வந்துருச்சு. நல்லா ஓடுது. நெஞ்சை ரெண்டு நாளைக்குத் திறந்துதான் வச்சிருப்போம், பயப்படாதீங்க." பிறகு தயங்கி, "உதட்டுல என்னமோ இனிப்பு மாதிரி ஒட்டியிருக்குன்னு அனஸ்தீசியா டாக்டர் சொல்றாரு. யாராவது ஏதாவது குடுத்தீங்களா?" என்றாள். நாற்பத்து நான்கு பேரும் மின்விசிறியைப் பார்த்தார்கள்.

இரண்டு மணிக்குத் தேன் பாட்டிலோடு குற்றாலலிங்கம் வந்து சேர்ந்தார். செய்தியைக் கேட்டுக் கைகூப்பிவிட்டு, "சேனை?" என்றார்.

"வச்சாச்சு," என்றாள் வடிவு.

"யார் வச்சது?"

"முப்பது வருசத்துல நான் உங்கட்ட எதையும் மறைச்சதில்ல. இதைக் கேக்காதீக. சொன்னா, நாளைக்கு எவனாச்சும் கேட்டா நீங்க நிசத்தைச் சொல்லிப்புடுவீக." அவள் பாட்டிலை வாங்கித் தன் பைக்குள் வைத்து, வாயைக் கட்டினாள்.

மறுநாள் பதினொரு மணிக்கு மருத்துவமனையின் நிர்வாக மேற்பார்வையாளர், துடிப்புப் பதிவேட்டைக் கையில் எடுத்துக்கொண்டு நான்காம் மாடிக்கு வந்தார். மெலிந்த மனிதர், கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிறவர், கழுகாசலத்துக்கு அவரைக் கண்டதும் தம் தொழில்காரர் ஒருவரை அடையாளம் காணும் உணர்வு ஏற்பட்டது.

"வந்த நேரம் இருக்கு, திரும்பிய நேரம் இருக்கு. இருந்த இடம் காலியா இருக்கு," என்றார் மேற்பார்வையாளர். "கான்ட்ராக்ட் ஆள் யாரோ குழந்தை வாயில சர்க்கரை வச்சதாவும், துடிப்பு அவங்ககிட்ட இருந்ததாவும் ஒரு பேச்சு காதுக்கு வந்தது. உண்மைன்னா இன்னைக்கே சீட்டைக் கிழிச்சிடுவேன். பெரியவரே, நீங்க சொல்லுங்க."

"எனக்குத் தெரியாது," என்றார் குற்றாலலிங்கம். அது உண்மையாகவே இருந்தது.

மேற்பார்வையாளர் சன்னாசியைப் பார்த்தார், நத்தத்துக்காரியைப் பார்த்தார், காவலரைப் பார்த்தார். காவலர் விசிலைத் துடைத்துக்கொண்டிருந்தார். கூடத்தின் கோடியில் மிக்கேலம்மாள் இரு கைகளிலும் கையுறையோடு, எவருடைய காலையும் தூக்கச் சொல்லாமல், துடைத்துக்கொண்டிருந்தாள்.

"சார்தான் சோதனை போட்டதா சொன்னாங்க. அரசாங்கப் பரிசோதகராமே. உங்க கையால எழுதுங்க, நான் அப்படியே ஏத்துக்கிறேன்."

செண்பகவல்லி கணவனைப் பார்த்தாள். இருபத்திரண்டு ஆண்டுகளாக அறிக்கையில் ஒரு வரி குறைக்காத கணவனை, தன் கண்ணெதிரில் நாற்பத்து மூன்று பேரையும் ஐயத்தோடு பார்த்தவனை, அவள் அன்று முதன்முறையாக ஐயத்தோடு பார்த்தாள்.

கழுகாசலம் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, பதிவேட்டைத் தொடையில் வைத்து, அறிக்கைகளுக்கே உரிய சாய்வான எழுத்தில், இருந்த இடம் என்ற கட்டத்தில் எழுதினார்: "இரு வாசல்களும் அடைக்கப்பட்டு, ஊழியர்கள் நீங்கலாகக் கூடத்திலிருந்த நாற்பத்து மூவரும் என்னால் நேரில் சோதிக்கப்பட்டனர். எவரிடமும் இல்லை." ஒப்பமிட்டு, தேதியும் நேரமும் இட்டார்.

மேற்பார்வையாளர் இருமுறை படித்தார். கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"ஊழியர்களை ஏன் சோதிக்கலை?"

"அந்தப் பழக்கம் எங்க துறையில கிடையாது," என்றார் கழுகாசலம்.

பதிவேடு மூடப்பட்டது. மேற்பார்வையாளர் படியிறங்கிப் போன பிறகு, ஈரத் துடைப்பான் ஒன்று மெல்ல மெல்ல நெருங்கி, அவருடைய செருப்புக்கு அருகே வந்து நின்றது. அது கேட்பதற்கு முன்பே அவர் கால்களைத் தூக்கினார். தூக்கியபடியே கூடத்தைக் கடைசி வரிசையிலிருந்து முன்னோக்கி எண்ணினார். அன்று அத்தானும் வந்திருந்ததால் நாற்பத்து ஐந்து வந்தது.